சேதாரம் 5 சதவீதம்: ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தைச் சண்டை வராமல் எழுதுவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வக்கீல் இல்லை. ஆனால் நிட்டிங், சாயம், தையல் என்று எந்த ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) ஒப்பந்தமானாலும் முதல் பிரதியை நான்தான் எழுதுவேன். வக்கீல் பார்ப்பது அதற்கப்புறம். தகராறு வந்தாலும் இரண்டு தரப்பும் முதலில் என் மேஜைக்கு வந்துதான் காகிதத்தை நீட்டுவார்கள். அப்படி நீட்டியதில் என்னைத் தலைகுனிய வைத்தது நானே எழுதிய ஒரு வரி.

"சாயமிடுவதில் ஏற்படும் சேதாரம் 5 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளப்படும்."

எழுதிய அன்று இதில் குழப்பம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 1,000 கிலோ கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, சாயப்பட்டறைக்குப் போனது. சாயமும், துணி பின்னால் சுருங்காமலிருக்க அழுத்தும் காம்பாக்டிங்கும் முடிந்து 930 கிலோ வந்தது. கம்பெனிக்காரர், "அஞ்சு சதவீதம் தாண்டிருச்சு, எழுபது கிலோவுக்கும் காசைக் கழிங்க" என்றார். பட்டறைக்காரர், "அம்பது கிலோ ஒத்துக்கிட்டதுதானுங்களே, மேல இருக்கிற இருபதுக்கு வேணா கழிச்சுக்குங்க" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சாயத்துக்குத்தானுங்க அஞ்சு. காம்பாக்டிங்குல போறது தனி" என்றார். துணி கிலோ 400 ரூபாய் என்றால் முதல் கணக்கில் 28,000 ரூபாய், இரண்டாவதில் 8,000, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. மூன்று பேச்சுக்கும் என் வரியில் இடம் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அந்த வரியை வைத்துக்கொண்டு, அது எதையெல்லாம் சொல்லவில்லை என்று எழுதிப் பார்த்தேன். எந்த எடைக்கு 5 சதவீதம், போன எடைக்கா வந்த எடைக்கா? எந்த எடைமேடை? எந்த வேலை முடிந்த பிறகு? லாட்டுக்கு லாட்டா (ஒரே தொகுதியாகப் போகும் துணி ஒரு லாட்), மாதத்துக்கு மொத்தமா? 5-ஐத் தாண்டினால் கழிப்பது தாண்டியதற்கு மட்டுமா, முழுசுக்குமா? கிலோவுக்கு என்ன விலை, கிரே துணி விலையா, சாயம் போட்ட துணி விலையா? "ஏற்றுக்கொள்ளப்படும்" என்றால் யார் ஏற்றுக்கொள்வார்? எட்டுச் சொல் கூட இல்லாத வரிக்குள் இத்தனை ஓட்டை. இப்போது அதே ஷரத்தை இப்படி எழுதுகிறேன்:

"கொடுத்த எடை என்பது பட்டறையின் எடைமேடையில் துணி இறக்கும்போது எடுக்கும் எடை. வந்த எடை என்பது சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்த துணியைக் கம்பெனி குடோனில் இறக்கும்போது எடுக்கும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கொடுத்த எடையில் 100 கிலோவுக்கு 5 கிலோ என்ற கணக்கைத் தாண்டினால், தாண்டிய கிலோவுக்கு மட்டும் கம்பெனி டெபிட் நோட் (பணம் கழிக்கும் சீட்டு) போடலாம். விலை, கிரே துணி போன டெலிவரி சலானில் எழுதிய கிலோ விலை. ஒவ்வொரு லாட்டுக்கும் தனிக் கணக்கு. ஒரு லாட்டில் மிச்சமானதை இன்னொரு லாட்டுக்குச் சேர்க்கக் கூடாது. உதாரணம்: கொடுத்த எடை 1,000 கிலோ, வந்த எடை 930 கிலோ, சலான் விலை கிலோ 400 ரூபாய் என்றால், வித்தியாசம் 70 கிலோ, அனுமதி 50 கிலோ, டெபிட் நோட் 20 கிலோவுக்கு 8,000 ரூபாய்."

நீளம்தான். உதாரணம் நீங்கலாகவே ஒரு வரி ஆறு வரி ஆகிவிட்டது. சுருக்கமாக எழுதினால் தெளிவு வரும் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பாதி சம்மதம்தான். தேவையில்லாத சொல்லை வெட்ட வேண்டும், சரி. அளவை வெட்டினால் சண்டை.

அந்தக் கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தத்துக்குள் உதாரணம் போடக் கூச்சப்படுகிறார்கள், பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருக்கிறதாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே பிரிவுக்குப் பிரிவு உதாரணம் போட்டு எழுதப்பட்டதுதான். அதில் 29-ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்கு உதாரணம்: ஒருவர் இன்னொருவருக்கு "நூறு டன் எண்ணெய்" விற்க ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று தெரிய வழியே இல்லை, செல்லாது. அடுத்தடுத்து இன்னொன்று வருகிறது: விற்பவர் தேங்காய் எண்ணெய் வியாபாரம் மட்டும் செய்பவர் என்றால் அது தேங்காய் எண்ணெய்தான், ஒப்பந்தம் செல்லும். "ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ" குதிரையை விற்கிறேன் என்றால் அதுவும் செல்லாது. சட்டம் எழுதியவர்களே பிரிவை மட்டும் நம்பாமல் எண்ணெயையும் குதிரையையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். கணக்கு வரும் இடத்திலெல்லாம் ஒரு உதாரணம் போடுங்கள். போடும்போதே உங்கள் ஷரத்தின் கோளாறு உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பாதிப் பிழைகள் அங்கேதான் அகப்படுகின்றன.

ஒப்பந்தத்தின் தலைப்பகுதிக்கு வருவோம். "நம்மில் 1-வது நபர், 2-வது நபர்" என்று எழுதும் பழக்கம் பத்திர ஆபீஸிலிருந்து வந்தது. இரண்டு பக்கம் தாண்டினால் யார் ஒன்று, யார் இரண்டு என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் 1-ம் 2-ம் இடம் மாறி, தையல் கான்ட்ராக்டர் கம்பெனிக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பார்த்திருக்கிறேன். நபர்களை அவர்கள் செய்யும் வேலையால் அழையுங்கள்: கம்பெனி, பட்டறை, கான்ட்ராக்டர். முதல் வரியில் முழுப்பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், அதற்கப்புறம் கடைசி வரை அதே ஒரு சொல். நடுவில் "நிறுவனம்", "ஷையார்", "மேற்படியார்" என்று மாற்றாதீர்கள். பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திருப்பிப் போடாதே என்று அடித்துச் சொன்னார்கள். இங்கே நேர் எதிர். "துணி" என்று தொடங்கினால் துணி. நாலாம் பக்கத்தில் "சரக்கு" என்று வந்தால், துணி வேறு சரக்கு வேறா என்று ஒருவர் கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியவராக இருப்பார்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு வில்லங்கம் "நாம்". "நாங்கள்" என்றால் எதிரில் இருப்பவர் சேரமாட்டார், "நாம்" என்றால் சேர்ந்துவிடுவார். பேச்சில் மரியாதைக்காக நாம் என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். ஒப்பந்தத்தில் "கரண்டு பில்லை நாமே கட்டிக்கொள்ள வேண்டியது" என்று ஒரு பவர்டேபிள்காரர் (மிஷின் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்) எழுதிக் கொடுத்தார்; தன்னைத்தான் சொன்னார். படித்தால் பாதி கம்பெனி தலையில் விழுகிறது. நாம், நாங்கள், அவர், அது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். படிக்க மொட்டையாக இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த வேலை சிவப்புப் பேனாவால். எழுதி முடித்த பிரதியில் "படும்" என்று முடியும் ஒவ்வொரு சொல்லையும் சுழிப்பேன். வழங்கப்படும், சரிபார்க்கப்படும், ஏற்கப்படும், தெரிவிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "யார்?" என்று எழுதுவேன். "குறைகள் இருப்பின் தெரிவிக்கப்படும்" என்பது "கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர், துணி வந்த 3 நாளுக்குள், பட்டறையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் தெரிவிக்க வேண்டும்" என்று ஆகும். வினையின் கடைசி அசையும் முக்கியம். வேண்டும் என்றால் கட்டாயம். லாம் என்றால் விருப்பம். கூடாது என்றால் தடை. "செய்து தருவார்" என்பது வாக்கா ஜோசியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதனால் எழுதுவதில்லை.

நாள் கணக்கில் கைவைப்போம். "பில் கொடுத்த 30 நாளில் பணம்" என்று எழுதியிருக்கும். பில் தேதியா, பில் கம்பெனிக்கு வந்த தேதியா? கேட்டில் கொடுத்தால் வந்ததாகுமா, அக்கவுன்ட்ஸ் சீல் விழுந்தால்தானா? நான் எழுதுவது: "கம்பெனி துணியைப் பெற்றுச் சலானில் கையெழுத்திட்ட தேதிக்கு மறுநாளை 1 என்று எண்ணி, 30-ஆம் நாள் முடிவதற்குள் பட்டறையின் வங்கிக் கணக்கில் பணம் சேர வேண்டும். அந்த நாள் வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்." செக் கொடுத்த தேதியைச் சொல்லவில்லை, பணம் சேரும் தேதியைச் சொல்கிறேன். செக்கை எழுதி டிராயரில் வைத்திருக்கும் கலை நமக்குத் தெரியாததல்ல.

அந்த 30-ஐ நீங்கள் 60, 90 என்று இஷ்டத்துக்கு எழுதவும் முடியாது. பட்டறை குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருடத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அந்த மார்ச் மாதம் நிலுவையைத் தீர்க்க இந்த ஊர் ஓடிய ஓட்டம் எனக்கு மறக்காது.

"தீபாவளிக்கு முன் டெலிவரி" என்று எழுதுபவர்களுக்கு: தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் வாங்கிக்கொண்டு பாதித் திருப்பூர் பஸ் ஏறிவிடும். தேதியை எழுதுங்கள். டெலிவரி என்றால் எங்கே என்றும் எழுதுங்கள்: கான்ட்ராக்டர் வாசலில் வண்டி ஏறுவதா, கம்பெனி குடோனில் இறங்குவதா, தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்வதா? "20-ஆம் தேதி வரை" என்றால் 20 சேருமா சேராதா என்ற கேள்விக்கு "20-ஆம் தேதி உட்பட" என்ற சொல் போதும்.

ஒரே சொல் இரண்டு பொருளைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பருத்தி வியாபாரத்திலேயே புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. 1864-ல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. பம்பாயிலிருந்து லிவர்பூலுக்கு "பீர்லெஸ்" என்ற கப்பலில் வரும் 125 பேல் சூரத் பருத்தி என்று பேச்சு. அதே பெயரில் இரண்டு கப்பல். ஒன்று அக்டோபரில் கிளம்பியது, இன்னொன்று டிசம்பரில். வாங்குபவர் நினைத்தது முதல் கப்பல், விற்பவர் அனுப்பியது இரண்டாவதில். பருத்தி வந்தபோது வாங்குபவர் மறுத்தார்; வழக்கில் அவர்தான் ஜெயித்தார். நம் ஊரில் கப்பல் இல்லை, ஒவ்வொரு டிசைனுக்கும் கொடுக்கும் ஸ்டைல் நம்பர் இருக்கிறது. போன சீசன் ஸ்டைலுக்கும் இந்த சீசன் ஸ்டைலுக்கும் ஒரே நம்பரை வைக்கும் மெர்ச்சன்டைசர்கள் (ஆர்டரைக் கவனிப்பவர்கள்) இருக்கும்வரை, ஸ்டைல் நம்பரோடு ஆர்டர் நம்பரையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

தரம் பற்றி எழுதும்போது "நல்ல தரமான", "முதல் தர", "திருப்தியளிக்கும் வகையில்" எல்லாம் காற்றில் எழுதுவதுதான். யாருடைய திருப்தி? துணி என்றால் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எவ்வளவு, கூடக் குறைய எவ்வளவு போகலாம், துவைக்கும் முன் எடுத்ததா துவைத்த பின் எடுத்ததா என்று எழுதலாம். கலர் என்றால் சொல்லால் எழுதவே முடியாது. "கடல் நீலம்" எந்தக் கடல்? ஒப்புக்கொண்ட லேப் டிப் (மாதிரிக்குச் சாயமிட்ட துணி) துண்டை நான்காக வெட்டி, அட்டையில் ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் அந்த அட்டையின் நம்பர் வந்தால் போதும். எந்த விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது என்றும் ஒரு வரி சேருங்கள், ஏனென்றால் டியூப் லைட்டில் ஒத்துப்போகும் கலர் வெயிலில் காலை வாரும். தையலுக்குப் பையர்கள் (ஆர்டர் கொடுப்பவர்கள்) கேட்கும் ஏ.கியூ.எல். 2.5 முறையையே, அதாவது மாதிரி எடுத்துக் குறையை எண்ணும் முறையையே, எடுத்துக்கொள்ளலாம். சாதாரணப் பரிசோதனை நிலையில் 2,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும்; குறை 7 வரை பாஸ், 8 ஆனால் ஃபெயில். ஃபெயிலானால் திரும்பச் செக்கிங் செய்யும் கூலி யார் தலையில் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அதை மறந்துவிட்டு வந்துதான் என் மேஜையில் உட்காருவார்கள்.

தாமதத்துக்கு "தக்க அபராதம்" என்று எழுதுவதால் பயனில்லை. தினம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று தொகையாக எழுத வேண்டும். ஆனால் மிரட்டுவதற்காக ஆகாயத்தில் ஒரு தொகையை எழுதாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதனால் அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டோம் என்று ஒரு வரி சேர்க்கிறேன், விமானத்தில் அனுப்பினால் பீஸுக்கு இவ்வளவு கூடுதல் செலவு என்பது போல.

நம் கையில் இல்லாத காரணங்களுக்கான ஷரத்தை எல்லோரும் எங்கிருந்தோ நகல் எடுக்கிறார்கள்: வெள்ளம், பூகம்பம், போர். திருப்பூரில் பூகம்பத்தைவிட நடக்கக்கூடியது எதுவென்று நாங்கள் 2011 ஜனவரியில் கற்றோம். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணி சாயத்துக்கு வெளியூர்களுக்குப் பயணம் போனது. "இயற்கைச் சீற்றம்" என்று மட்டும் எழுதியிருந்த ஒப்பந்தத்தில் நீதிமன்ற உத்தரவு எங்கே உட்காரும்? உங்கள் தொழிலை உண்மையில் நிறுத்தக்கூடியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: நீதிமன்றம் அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு, ஊரடங்கு, இத்தனை மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், எத்தனை நாள் தாண்டினால் ஆர்டரை ரத்து செய்யலாம், பாதிச் சாயத்தில் நிற்கும் துணி யாருடையது என்பதையும் சேருங்கள். விலை ஏறுவது இந்தப் பட்டியலில் தானாக வராது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறிவிட்டது என்று மின் நிறுவனங்கள் கேட்டபோதே, 2017-ல் உச்ச நீதிமன்றம் அது ஒப்பந்தத்திலிருந்து விடுபடக் காரணமாகாது என்றது. மாதப் பிறப்பில் மில்கள் அறிவிக்கும் நூல் விலை எவ்வளவு ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது என்று தனி ஷரத்து வேண்டும், அதிலும் ஒரு உதாரணக் கணக்கோடு.

கடைசிப் பக்கத்தில் "தகராறு வந்தால் மத்தியஸ்தம் மூலம் தீர்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கும். இதில் இரண்டு பழுது. மத்தியஸ்தம் என்ற சொல்லை, இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சமரசம் செய்வதற்கும் சொல்கிறோம், கட்டுப்படுத்தும் தீர்ப்பு சொல்லும் நடுவருக்கும் சொல்கிறோம். சட்டத்தில் இரண்டும் வேறு. இரண்டாவது, அந்த "லாம்". இரு தரப்பும் முடிவு செய்தால் நடுவரிடம் போகலாம் என்ற ரீதியில் எழுதிய ஷரத்து நடுவர் ஒப்பந்தமே ஆகாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னால் முடிவு செய்துகொள்ள அன்றைக்குப் பேச்சுவார்த்தையே இருக்காது. நடுவர்தான் வேண்டும் என்றால் "நடுவரிடம் விட வேண்டும், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்" என்று எழுதுங்கள். எத்தனை நடுவர், எந்த ஊரில், யார் நியமிப்பது என்பதை இந்த இடத்தில் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். நானும் விட்டுவிடுவேன்.

ஆங்கிலப் பிரதி ஒன்று, தமிழ்ப் பிரதி ஒன்று என்று போட்டால், இரண்டும் முரண்படும்போது எது செல்லும் என்று எழுதுங்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினால் அதற்கும் அப்படியே. செக்கில் எழுத்து செல்லும் என்று சட்டம் சொல்கிறது, ஒப்பந்தத்துக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய கோப்பிலிருந்து நகல் எடுத்தால் முழுசாகப் படியுங்கள். சாய ஒப்பந்தம் ஒன்றில் "குத்தகைதாரர் கட்டிடத்துக்கு வெள்ளையடித்துத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு ஷரத்து இரண்டு வருடம் அமைதியாக இருந்தது.

எல்லாம் முடிந்தபின் வக்கீலுக்கு அனுப்பும் முன்பு இன்னொரு ஆளுக்குப் படித்துக் காட்டுகிறேன். முதலாளிக்கு அல்ல; அவருக்குப் பேசியது எல்லாம் மனதில் இருப்பதால், காகிதத்தில் இல்லாததும் இருப்பது போலவே கேட்கும். பேச்சு வார்த்தையில் உட்காராத, ஆனால் நாளைக்கு இந்தக் காகிதத்தின்படி வேலை செய்யப் போகிற ஒருவருக்கு. எங்கள் கம்பெனிகளில் அது குடோன் பார்க்கும் ஆள். அவரிடம் விளக்கம் சொல்ல மாட்டேன். படிப்பேன், "இப்ப லோடு வந்திருக்கு, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பேன். அவர் தடுமாறும் இடத்தில் திருத்துவேன்.

மேலே எழுதியிருக்கிறேனே, புதிய சேதார ஷரத்து, அதை அவரிடம் கொஞ்சம் பெருமையாகவே படித்தேன். உதாரணம் வரை கேட்டுவிட்டு, "போன எடை அவங்க மேடைல, வந்த எடை நம்ம மேடைல. ரெண்டு மேடையும் ஒரே எடை காட்டுமாங்க?" என்றார். காட்டாது. மறுநாள் ஒரே துணி உருளையை இரண்டிலும் வைத்துப் பார்த்தோம், 300 கிராம் வித்தியாசம். ஷரத்தில் ஏழாவது வரி அப்படித்தான் சேர்ந்தது: மாதம் முதல் வேலை நாள் ஒரே 20 கிலோ எடைக்கல்லை இரண்டு மேடையிலும் வைத்துப் பார்த்து, இரு தரப்பு ஆட்களும் நோட்டில் கையெழுத்திட வேண்டும்.